எட்டடிக்கு ஆறடி: மலர்க் காட்சிக்கு ஒரு சிறு தோட்டம் அமைப்பது எப்படி?

மே மாதத்தில் ஏற்காட்டு மலர்க் கண்காட்சிக்குப் போயிருந்தால் அண்ணா பூங்காவில் பூக்களாலேயே செய்த பெரிய பெரிய உருவங்களின் முன்னால் நின்று படம் எடுத்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது அந்த அளவு வேலை அல்ல. எட்டடி அகலம், ஆறடி ஆழம். நாலைந்து பேர் சேர்ந்து இரண்டு நாளில் அமைத்து, காட்சி முடிந்ததும் கலைத்துவிடுகிற தோட்டம். மலையில் நடந்த ஒரு சிறிய மலர்க் காட்சியில் இரண்டு ஆண்டுகளாக இப்படி ஒன்றை அமைத்துவருகிறேன். முதல் ஆண்டு, முதல் நாள் மாலையிலேயே என் தோட்டம் சேற்றுக் குட்டையாகிவிட்டது. அந்த அவமானத்தில்தான் இதை எழுதுகிறேன்.

செடி வளர்க்க உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். மண் கலவை, உரம், பதியன் பற்றியெல்லாம் இங்கே பேச்சில்லை.

முதலில் ஒரு வரி

என்ன காட்டப்போகிறீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எங்கள் வரி இது: "அறுவடை முடிந்து காலியாகக் கிடக்கும் காப்பிக் களத்தில் பாட்டி வைத்த பூச்செடிகள்." 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்கு வந்த பயிர் காப்பி. இன்றும் மலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சில்வர் ஓக்கும் அதில் ஏறிய மிளகும் அடியில் காப்பியும்தான். வெளியூர்க்காரருக்கும் சொல்லாமலே புரியும்.

அந்த வரியில் இல்லாத பொருள் தோட்டத்துக்குள் வரக் கூடாது. எதிர்வீட்டு அத்தை அன்போடு கொண்டுவந்த பீங்கான் அன்னப்பறவையை நான் திருப்பிக் கொடுத்தேன். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. காப்பிக் களத்தில் அன்னத்துக்கு என்ன வேலை?

லண்டனில் செல்சி என்ற இடத்தில் 1913 முதல் நடக்கும் மலர்க் காட்சியிலும் இதே கதைதான். தோட்டம் அமைப்பவர் தன் எண்ணத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நடுவர்கள் எழுதியதையும் செய்ததையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அங்கே தோட்டங்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. தரத்தை எட்டிய எல்லாத் தோட்டங்களுக்கும் தங்கம் உண்டு. நம் ஊரில் முதல் பரிசு ஒன்றுதான், அதனால் கொஞ்சம் மனஸ்தாபமும் உண்டு.

வாசலில் ஒத்திகை

கோலமாவால் வாசலில் எட்டுக்கு ஆறு கட்டம் போடுங்கள். உயரச் செடிக்கு வாளி, நடுத்தரத்துக்குச் செம்பு, குட்டைச் செடிக்கு டம்ளர் என்று அடுக்கிப் பாருங்கள். ஐந்தடி தள்ளி நின்று ஒரு படம், குந்தி உட்கார்ந்து ஒரு படம் எடுங்கள். இரண்டாவது படம் குழந்தையின் பார்வை. காட்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த உயரம்தான்.

எத்தனை செடி, எப்போது விதைப்பது

ஆறங்குலத் தொட்டிகளை நெருக்கி வைத்தால் ஒரு சதுர அடிக்கு நான்கு பிடிக்கும். 48 சதுர அடியில் பாதியைக் களத்துக்கும் கல்லுக்கும் விட்டால் மீதி 24 சதுர அடிக்கு 96 தொட்டி வேண்டும். வாடியதை மாற்றக் கூடுதலாகப் பதினைந்து. முதல் ஆண்டு அறுபது தொட்டியோடு போனேன். முன் பல் விழுந்த பிள்ளையின் சிரிப்புப் போல இருந்தது.

காட்சி மே மூன்றாம் வாரம் என்றால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். துலுக்கச் சாமந்தியும் காசித்தும்பையும் விதைத்து ஐம்பது அறுபது நாளில் பூக்கும். சால்வியாவுக்கும் பெட்டூனியாவுக்கும் எண்பது நாளுக்கு மேல். மலைக் குளிரில் வளர்த்தால் இன்னும் பத்து நாள் சேருங்கள். பெகோனியா, ஜெரேனியம், டேலியா போன்றவற்றை வாங்கிவிடுவதே மேல். எல்லாவற்றையும் சேலத்தில் வளர்த்து மேலே கொண்டுபோவதை நான் விட்டுவிட்டேன். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். சேலத்து ஏப்ரல் வெயிலில் ஜெரேனியம் கருகி நின்றதைக் கண்ணால் பார்த்தேன். குளிர் விரும்பும் செடிகளை மலையிலுள்ள நர்சரிகளிலேயே வாங்குங்கள். சாமந்தி, கோழிக்கொண்டை மட்டும் கீழிருந்து போகட்டும்.

நிறம் மூன்றுக்கு மேல் வேண்டாம். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவதிலேயே என் தொட்டிகள் சரிந்தன. அட்டைப் பெட்டி ஆகாது. தக்காளி மண்டியில் புழங்கும் பிளாஸ்டிக் கூடைகளை வாடகைக்கு எடுங்கள். ஒரு கூடைக்கு ஆறு தொட்டி, இடுக்குகளில் பழைய செய்தித்தாள். இந்தக் கூடைகளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, கீழே வருகிறது.

தண்ணீருக்கு வழி

நான் விழுந்த இடம் இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

காட்சி நடத்துகிறவர்கள் புல்தரையைத் தோண்ட விடமாட்டார்கள். அதனால் தார்ப்பாய் விரித்து, சுற்றிலும் செங்கல் அடுக்கி, அதற்குள்தான் தோட்டம். முதல் ஆண்டு தார்ப்பாயின் நான்கு பக்கத்தையும் செங்கல் மேல் மடித்து விட்டேன், புல் கெட்டுவிடக் கூடாதே என்று. பின்பக்கம் பதினான்கு அங்குலம், முன்பக்கம் நான்கு அங்குலமாக மண்ணைச் சரித்தேன். முன்னால் வளைந்து ஓடுகிற மாதிரி வெள்ளைக்கல் சில்லுகளால் ஒரு வறண்ட ஓடை. உதவிக்கு வந்த தோட்டக்காரத் தம்பி சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி அக்கா, தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டான். "ஐந்து நாள் தோட்டத்துக்குத் தண்ணீர்ப் பாதை எதற்கு?" என்றேன்.

மாலை நாலு மணிக்கு இடி இடித்தது. கோடையில் ஏற்காட்டுக்குப் பிற்பகல் மழை புதிதல்ல. ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 48 சதுர அடியில் 45 லிட்டர் தண்ணீர் விழுகிறது. மூன்று குடம். அன்று பெய்தது அதைவிட அதிகம். நான்கு பக்கமும் மடித்த தார்ப்பாய் ஒரு பெரிய தாம்பாளம். உள்ளே விழுந்தது வெளியேறவில்லை. பின்பக்க மண் கரைந்து முன்னால் வந்து வெள்ளைக்கல்லின் மேல் படிந்தது. மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு ஒவ்வொரு கல்லாகப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

அடுத்த ஆண்டு புரிந்தது இது: மேல்பரப்பு பார்ப்பவரை நோக்கி முன்னால் சாய வேண்டும், அடித்தளம் பின்னால் சாய வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் தண்ணீர் மொத்தமும் நடைபாதைக்கு வரும், அதை மிதித்துக்கொண்டு ஊரே போகும்.

செய்யும் முறை:

1. தரையின் மட்டத்தைப் பாருங்கள். கண்ணை நம்பாதீர்கள், மலையில் எதுவும் மட்டமில்லை. ரசமட்டம் இருந்தால் நல்லது. எனக்குப் பிடித்தது கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் மட்டக்குழாய். விலை குறைவு, பொய் சொல்லாது.

2. முன் விளிம்பைவிடப் பின்மூலை ஒன்று ஒன்றரை அங்குலம் தாழ்வாக இருக்கும்படி மணலைப் பரப்புங்கள். அதன் மேல் தார்ப்பாய். ஓரங்களை இரண்டு அங்குலம் மட்டும் தூக்குங்கள்.

3. தாழ்ந்த மூலையில் தார்ப்பாயை வெட்டி ஒன்றரை அங்குலப் பிளாஸ்டிக் குழாயைச் செருகி, வாயில் பச்சை நிழல்வலையைக் கட்டுங்கள். குழாயின் மறுமுனை புதருக்கோ வடிகாலுக்கோ போகட்டும்.

4. இரண்டு அங்குலத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி.

5. ஜல்லிக்கு மேல் துணி. தண்ணீர் இறங்க வேண்டும், மண் இறங்கக் கூடாது. கோணிப்பை போட்டுப் பார்த்தேன். இரண்டே நாளில் அடைத்துக்கொண்டது. நிழல்வலை ஒற்றையாகப் போட்டால் மண் ஒழுகுகிறது. அம்மாவின் பழைய நைலக்ஸ் சேலையை இரண்டாக மடித்துப் போட்டதுதான் சரியாக வந்தது. எத்தனையோ கடைச் சரக்கைத் தேடிவிட்டுச் சொல்கிறேன், நைலக்ஸ் சேலைக்கு இணையில்லை.

6. மண்ணைக் கொட்டி மேடாக்காதீர்கள். முன் நான்கு, பின் பதினான்கு அங்குலம் என்றால் கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர். ஈர மண்ணாக இருந்தால் ஒன்றரை டன். தக்காளிக் கூடைகளைக் கவிழ்த்துப் படிப்படியாக அடுக்கி, தொட்டிகளை அவற்றின் மேல் வையுங்கள். இடைவெளியைத் தென்னை நார்க் கழிவால் நிரப்புங்கள். ஐந்து கிலோ கட்டி ஒன்று ஊறினால் சுமார் எழுபது லிட்டர் வரும். எங்களுக்கு ஆறு கட்டி போதுமானதாக இருந்தது.

7. முன் விளிம்புச் செங்கலுக்குப் பின்னால் ஓர் அடி அகலத்துக்கு, அடி ஜல்லியிலிருந்து மேலே வரை, கல் மட்டுமே இருக்கட்டும். துணியை இந்தப் பட்டைக்கு முன்பே நிறுத்தி மேலே மடித்துவிடுங்கள். மேல்பரப்பில் வழிந்து வரும் தண்ணீர் இந்தக் கல்லுக்குள் இறங்கி, அடித்தளத்தின் வழியே பின்மூலைக்குப் போய்விடும்.

8. செடி வைக்கும் முன் மூன்று குடம் தண்ணீரை மேல்படியில் வேகமாக ஊற்றுங்கள். குழாயில் உடனே வர வேண்டும். முன்பக்கம் ஒரு சொட்டு வெளியேறினாலும் பிரித்து மறுபடி செய்யுங்கள். பிரிக்க மனம் வராது, ஆனாலும் பிரியுங்கள்.

வெள்ளைக்கல் பற்றி ஒரு வார்த்தை. அடிவாரத்தில் வெளுத்துத் தெரியும் குன்றுகளைப் பார்த்து வளர்ந்தவள் நான், அந்த நிறத்தின் மேல் ஆசை. ஆனால் ஒரு துளிச் சேறு பட்டாலும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இப்போது சாம்பல் நிறக் கூழாங்கல்தான்.

செடிகளை அடுக்குவது

பின்னால் காப்பிக் கன்றுகள், ஒரு மூங்கிலில் ஏற்றிய மிளகுக் கொடி. நடுவில் சால்வியா, முன்னால் காசித்தும்பையும் பெகோனியாவும். தொட்டியின் விளிம்பு எங்கும் தெரியக் கூடாது. அதை மறைக்கக் காய்ந்த பழைய காப்பித் தோலைத் தூவினோம். புதுத்தோல் நனைந்தால் புளித்து நாறும். தொட்டிகளை முன்பக்கம் ஒரு விரற்கடை சாய்த்து வையுங்கள், பூ பார்ப்பவரைப் பார்க்கும்.

பாசிக்காகக் காட்டுக்குள் போய் மரத்தைச் சுரண்டாதீர்கள். ஆர்க்கிட்டும் அப்படித்தான், நர்சரியில் வாங்குங்கள். பாசி வேண்டுமென்றால் வீட்டுக் கிணற்றடியில் போதுமான அளவு கிடைக்கும்.

கருவிகளில் எனக்கு மூன்றே மூன்று: கொத்தனாரின் கரணை, பூவாளி, இரண்டு அங்குலப் பெயிண்ட் பிரஷ். கடைசியாகச் சொன்னது இலையிலும் கல்லிலும் ஒட்டிய மண்ணைத் தட்ட. தோட்டக் கருவி என்று வண்ணப் பெட்டியில் விற்கும் சிறு கரண்டிகள் இரண்டாம் நாளே வளைந்துவிடும்.

காட்சி நாட்களில்

காலை ஆறு மணிக்குள் வாடிய பூக்களைக் கிள்ளிவிடுங்கள். மழை நின்றதும் சாமந்தித் தண்டுகளை மெல்ல உலுக்குங்கள். பூ தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தலைசாயும். சாய்ந்ததற்கு மூங்கில் சிம்பு முட்டுக் கொடுங்கள். தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றுங்கள், பூ மேல் தெளிக்காதீர்கள்.

பின்சேர்க்கை, ஜூன்: வாழப்பாடியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். நான் சொன்னபடி நார்க் கழிவு போட்டு, அதிலேயே நேரடியாகச் செடியை நட்டாராம், இலை ஓரம் கருகிவிட்டதாம். தவறு என்னுடையது. நார்க் கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே வேருக்குப் பக்கத்தில் வர வேண்டும். எங்கள் செடிகள் தொட்டியோடு இருந்ததால் எனக்கு அது தோன்றவே இல்லை.

இன்னொன்று: மொட்டைமாடியில் இதே அளவில் அமைக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மண் நிரப்பினால் நான் பொறுப்பில்லை. கூடையும் நார்க் கழிவும் என்றாலும் மழையில் நனைந்த எடையைக் கணக்கிட்டு, கட்டடம் கட்டிய மேஸ்திரியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மீண்டும், ஆகஸ்ட்: குரங்கு பற்றி எழுத மறந்துவிட்டேன். களத்தில் அழகுக்காக ஒரு முறத்தில் ஆரஞ்சுப் பழங்களை வைத்திருந்தோம். அரை மணி நேரத்தில் பழமும் போயிற்று, வந்தவை உட்கார்ந்த இடத்தில் நான்கு பெகோனியாவும் போயிற்று. தின்னக்கூடிய எதையும் காட்சிக்கு வைக்காதீர்கள். முறத்தில் இப்போது காய்ந்த காப்பிக் கொட்டைதான். சேலையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். அதன் ஜோடி எங்கே என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.