டோட்டல் லாஸ் ஆன பழைய கார்: சரிசெய்வதா, விட்டுவிடுவதா?

இன்சூரன்ஸ் நிறுவனம் ஒரு காரை டோட்டல் லாஸ் என்று எழுதினால், பழுதுபார்க்கும் செலவு காரின் சந்தை மதிப்பில் அவர்கள் வைத்திருக்கும் வரம்பைத் தாண்டிவிட்டது என்றுதான் பொருள். பழைய கார் அந்த வரம்பைச் சீக்கிரம் தொட்டுவிடும். ஹெட்லைட், பம்பர், பானெட், ஃபெண்டர், அவற்றுக்கான பெயின்ட் எல்லாவற்றையும் புதிய கம்பெனிப் பாகம், கம்பெனி ஒர்க்‌ஷாப் கூலி என்று போட்டால் பன்னிரண்டு வயதுக் காரின் மதிப்பு அதிலேயே கரைந்துவிடும். இன்ஜின் நன்றாக இருக்கும், கதவுகள் ஒழுங்காக மூடும், ஆனாலும் கார் டோட்டல் லாஸ். இன்னொரு காரில் வெளியே சின்ன நசுங்கல்தான் தெரியும், உள்ளே சேசிஸ் மடிந்திருக்கும். காகிதத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்.

அதனால் முதலில் பாடியை அளந்து பாருங்கள், பிறகு பணக்கணக்கைப் போடுங்கள். இந்த வரிசையை மாற்றவே வேண்டாம். லாபம் என்று மனம் முடிவுகட்டிவிட்டால், மடிப்பைக் கண்ணெதிரே பார்த்தாலும் சின்ன விஷயமாகத்தான் தோன்றும்.

பிரிக்கும் முன்பே ஒரு டேப்பால் பாதி வேலையை முடிக்கலாம். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை இரண்டு பக்கமும் அளக்கவும். வித்தியாசம் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஏதோ நகர்ந்திருக்கிறது. (ரெனோ 4 போன்ற சில பழைய மாடல்களில் தயாரிப்பிலேயே இரு பக்க அளவும் வேறுபடும், அதனால் மேனுவலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) அடுத்து பானெட்டைத் திறந்து குறுக்களவு எடுக்கவும்: ஒரு பக்க ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டிலிருந்து எதிர்ப்பக்க ரேடியேட்டர் சப்போர்ட் போல்ட் வரை, பிறகு அதையே மாற்றி. பல மாடல்களில் இவை 3 மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். ரேடியேட்டர் சப்போர்ட் போல்ட்டில் மாட்டியது என்றால் அதைக் கழற்றிப் போட்டுவிடலாம். அதற்குப் பின்னால் இருக்கும் சேசிஸ் சட்டமே வளைந்திருந்தால் விஷயம் வேறு.

முன்னால் அடி வாங்கிய காரில் பின்கதவு இடைவெளியையும் பார்க்க வேண்டும். மோதிய விசை சேசிஸ் சட்டம் வழியாகக் கதவுக்குக் கீழுள்ள சில் பகுதிக்கும், அங்கிருந்து கூரையைத் தாங்கும் தூணான பில்லருக்கும் ஓடும். கூரை ஓரத்தில் மெல்லிய சுருக்கம், மூட்டில் வெடித்த சீலர், உரிந்த பெயின்ட், டிக்கி தரையில் அலை போன்ற மேடுபள்ளம் ஆகியவை விசை எதுவரை போனது என்பதைக் காட்டும். காரை லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பக்கத்தையும் பாருங்கள். மடிப்புக்கு அருகே துரு தின்ற தகடு இருந்தால், புதுத் தகட்டை வெல்டிங் செய்ய நல்ல இரும்பே அங்கு இருக்காது. பழைய கார்களை மோதலைவிட இந்தத் துருதான் அதிகம் தோற்கடிக்கிறது.

வீல் அலைன்மென்ட் மெஷினில் ஏற்றி பிரின்ட் எடுத்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம், மட்டும் பார்த்தால் போதாது, ஸ்டியரிங் அச்சின் (சக்கரம் திரும்பும் அச்சின்) சாய்வும் வேண்டும். இரண்டையும் கூட்டிய கோணம் இரு பக்கமும் சமமாக இருந்து, தனித்தனியே மட்டும் வேறுபட்டால், பாடியோ, இன்ஜினுக்கு அடியில் குறுக்கே போகும் சட்டமான கிராஸ் மெம்பரோ நகர்ந்திருக்கிறது. கூட்டிய கோணமே வேறுபட்டால் ஸ்ட்ரட்டோ (ஷாக் அப்சார்பர் தாங்கி), நக்கிளோ (சக்கரத்தைப் பிடிக்கும் பாகம்) வளைந்திருக்கிறது. பின்னது பாகத்தை மாற்றினால் தீரும். முன்னதில் கிராஸ் மெம்பரைத் தளர்த்திச் சரியான இடத்தில் உட்கார வைத்தும் கோணம் திரும்பவில்லை என்றால் பாடியையே இழுத்து நேராக்க வேண்டும். அதற்குக் காரைக் கவ்விப் பிடித்து அளக்கும் பெஞ்ச் தேவை. மரத்தில் சங்கிலி கட்டி இழுக்கும் இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவிலுள்ள பி-பில்லரும் சில் உள்தகடும் பல கார்களில் மிக உறுதியான போரான் எஃகால் ஆனவை. அவற்றை கேஸ் வைத்துச் சூடாக்கி நேராக்கினால் பார்வைக்கு ஒழுங்காகிவிடும், ஆனால் எஃகின் உறுதி போய்விடும். அடுத்த மோதலில் காகிதம்போல் மடங்கும். அந்தப் பாகத்தைத் தயாரிப்பாளர் சொன்ன மூட்டுகளில் வெட்டி முழுதாக மாற்றுவதே வழி. பழைய காருக்கு அந்தச் செலவு அநேகமாகக் கட்டுப்படியாகாது. பில்லர் மடிந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஏர்பேக் வெடித்திருந்தால் பட்டியல் நீளும். வெடித்த பைகள், இழுபட்ட சீட் பெல்ட்டுகள், மோதல் சென்சார்கள், ஸ்டியரிங்குக்குள் இருந்து ஏர்பேக்குக்கு மின்இணைப்பு தரும் சுருள் நாடாவான கிளாக் ஸ்பிரிங், கிழிந்த டேஷ்போர்ட், சில சமயம் முன்கண்ணாடி. ஏர்பேக்கின் கட்டுப்பாட்டு மாட்யூல் மோதலைத் தன் நினைவில் பூட்டிவைத்திருக்கும், அதையும் மாற்றச் செலவு உண்டு. இங்கே நடக்கும் ஏமாற்று வேலை ஒன்று: பைக்குப் பதில் இரண்டு மூன்று ஓம் ரெசிஸ்டரை வயரில் சொருகி எச்சரிக்கை விளக்கை அணைத்துவிடுவார்கள். விளக்கையே பிடுங்கிவிடுவதும் உண்டு, அதனால் சாவியைத் திருப்பியதும் விளக்கு சில நொடி எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். ஆனால் ரெசிஸ்டர் போட்ட காரிலும் விளக்கு அப்படியே எரிந்து அணையும், எனவே ஸ்டியரிங் மூடியைத் திறந்து காட்டச் சொல்லிப் பையைக் கண்ணால் பார்ப்பதே நிச்சயம். பழைய காரிலிருந்து கழற்றிய ஏர்பேக் வாங்க வேண்டாம். டகாட்டா என்ற நிறுவனம் செய்த ஏர்பேக்குகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டுக் கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை வீசியது. அதனால் திரும்பப் பெறப்பட்டவை இன்னும் உடைத்த கார்களில் கிடக்கலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய காருக்குத் தண்ணீர் ஏறிய உயரமே பதில். கார்பெட் வரை நல்ல தண்ணீர் என்றால் இருக்கைகளைக் கழற்றி, கார்பெட்டோடு அடியில் உள்ள பஞ்சையும் எடுத்துக் காயவைத்து, இருக்கைக்கு அடியிலுள்ள கனெக்டர்களைச் சுத்தம் செய்து காப்பாற்றலாம். டேஷ்போர்டைத் தொட்டிருந்தால் விட்டுவிடுங்கள். கடல்நீர் என்றால் கார்பெட் அளவே போதும், அது வேண்டாம். எதுவானாலும் சோதித்துப் பார்க்க ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

பாடி தேறினால் இப்போது பணம். இன்சூரன்ஸ் சொன்ன சந்தை மதிப்பை அப்படியே ஏற்காதீர்கள். அதே மாடல், அதே வருடம், அதே அளவு கிலோமீட்டர் ஓடிய நாலைந்து கார்களின் விற்பனை விலையையும், உங்கள் சர்வீஸ் பில்களையும், புதிதாக மாட்டிய டயர் பில்லையும் கொடுத்து மறுபரிசீலனை கேளுங்கள். காரை நீங்களே வைத்துக்கொண்டால் எவ்வளவு கழிப்பார்கள், அதாவது சால்வேஜ் மதிப்பு என்ன என்பதை, கையெழுத்திடும் முன் எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு கணக்கு. காரின் மதிப்பு 100 பங்கு, சால்வேஜ் 25. காரைக் கொடுத்தால் 100 கிடைக்கும், ஆனால் அதேபோல் இன்னொன்று வாங்க, பதிவும் முதல் சர்வீஸும் சேர்த்து 110 ஆகும். கையில் 10 குறைவு. வைத்துக்கொண்டால் 75 கிடைக்கும். காயலான் கடையிலிருந்து கதவும் பானெட்டும் வாங்கிப் போட்டால் எஸ்டிமேட் 45. பிரித்த பிறகு தெரியும் ஏசி கண்டன்சர், ஃபேன், வயரிங், பிராக்கெட்டுகளுக்கு அதில் கால் பங்கு கூட்டினால் 56. கையில் 19 மிஞ்சும். ஆனால் டோட்டல் லாஸ் பதிவான கார் 65-க்குத்தான் விலைபோகும் என்று வைப்போம். விற்ற விலையோடு கையில் மிஞ்சியதைக் கூட்டி, குறைந்ததைக் கழித்தால், உடனே விற்பவருக்கு முதல் வழியில் 90, இரண்டாவதில் 84, அதனால் காரைக் கொடுத்துவிடுவதே மேல். ஐந்து வருடம் ஓட்டினால் நல்ல கார் 40-க்கும் பதிவான கார் 28-க்கும் இறங்கியிருக்கும். அப்போது முதல் வழியில் 30, இரண்டாவதில் 47. எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்பதே முடிவைப் புரட்டுகிறது. உங்கள் எண்களைப் போட்டு இதேபோல் பாருங்கள்.

எஸ்டிமேட்டைப் பாதுகாப்புக்கானது, ஓடுவதற்கானது, அழகுக்கானது என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். கீறல் விழுந்த பம்பரை அப்படியே விடலாம், பிரேக் ஹோஸை விடக் கூடாது. கிளட்சும் டைமிங் பெல்ட்டும் மாற்றும் தறுவாயில் இருந்தால் அந்தச் செலவையும் இதே தாளில் எழுதுங்கள்.

பணம் கொடுக்கும் முன் மூன்று பேரிடம் கேட்க வேண்டும். இந்தச் சேத வகைக்கு மறுபடி சாலையில் ஓட அனுமதி உண்டா, எந்தப் பரிசோதனை வேண்டும் என்று பதிவு அலுவலகத்திடம். சில நாடுகளில் கடுமையான சேதம் என்று பதிந்த கார் திரும்பவே முடியாது. முழுக் காப்பீடு மறுபடி தருவார்களா, அடுத்த கிளெய்மில் எந்த மதிப்பைப் பார்ப்பார்கள் என்று இன்சூரன்ஸிடம். கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவரிடம், ஏனெனில் கிளெய்ம் பணம் முதலில் அவருக்குப் போகும்.

டிங்கரிங் நடக்கும்போது வெல்டிங் முடிந்து பெயின்ட் அடிக்கும் முன் ஒவ்வொரு மூட்டையும் படம் எடுத்து வாங்குங்கள். மூட்டுகளில் சீலரும், மூடிய பெட்டிப் பகுதிகளுக்குள் துருத்தடுப்பு மெழுகும் போகாவிட்டால், வெல்டிங் செய்த இடம் உள்ளிருந்தே அரித்துவிடும். வண்டியை எடுக்கும்போது மறுபடி குறுக்களவு, அலைன்மென்ட் பிரின்ட், ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்து ஒழுகல் சோதனை மூன்றையும் உங்கள் முன்னால் செய்யச் சொல்லுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் டயர் தேய்மானத்தைப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், ஓட்டுவதை நிறுத்தி மறுபடி அளக்க வேண்டும்.