புதைபடிவங்களைக் கொண்டு பரிணாமத்தைச் சோதிப்பது எப்படி?

ஒற்றைப் புதைபடிவம் தனியே அதிகம் பேசாது. பலவற்றை வயதுப்படி அடுக்கி, உடலமைப்பு எப்படி மாறுகிறது என்று பார்த்தால்தான் சான்று கிடைக்கும். திமிங்கிலத்தை வைத்துச் செய்து பாருங்கள்.

முதலில் வயது. எலும்பில் சிதைந்துகொண்டே போகும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 இங்கே உதவாது. அதன் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5,730 ஆண்டுதான். சுமார் 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அளக்க ஒன்றும் மிஞ்சாது. படிவம் கிடந்த அடுக்குக்கு மேலும் கீழும் எரிமலைச் சாம்பல் இருக்கிறதா என்று தேடுங்கள். அதிலுள்ள சிர்கான் என்ற கனிமப் படிகங்களில் யுரேனியம் எவ்வளவு ஈயமாகியிருக்கிறது என்று அளந்தால் இரு எல்லைகள் கிடைக்கும். படிவத்தின் வயது அவற்றுக்கு நடுவே. ஆனால் எச்சரிக்கை: அடுக்கு மடிந்து தலைகீழாகியிருக்கலாம். பழைய பாறையிலிருந்து அரித்து வந்த எலும்பு புதிய படிவில் சேர்ந்திருக்கலாம். விளிம்பு தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து பண்புகள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். உடலின் வெளி வடிவத்தை நம்பாதீர்கள்: டால்பினும் அழிந்துபோன கடல்விலங்கான இக்தியோசாரும் ஒரே சாயல், ஆனால் ஒன்று பாலூட்டி, மற்றது ஊர்வன. நீரில் வாழ்ந்ததால் வந்த ஒற்றுமை அது. காது எலும்பு, கணுக்கால் எலும்பு போன்றவற்றைப் பாருங்கள். திமிங்கில வரிசையின் தொடக்கத்தில் வரும், சுமார் 5 கோடி ஆண்டு பழைய பாக்கிசீட்டஸ் நான்கு காலில் நடந்தது. ஆனால் காது எலும்பின் ஒரு பக்கம் திமிங்கிலத்துக்கே உரியபடி தடித்திருக்கும். கணுக்கால் எலும்போ மான், பன்றிக்கு இருப்பதுபோல் இரு முனையிலும் கப்பி வடிவம். ஏறத்தாழ 4 கோடி ஆண்டுக்கு முந்தைய திமிங்கிலமான பசிலோசாரஸில் 15 மீட்டருக்கு மேற்பட்ட உடல், அதில் விரல்களோடு கூடிய சின்னஞ்சிறு பின்னங்கால்கள். மூக்குத்துளையும் முகத்தின் நுனியிலிருந்து பின்னே நகர்ந்திருக்கும்.

கடைசியாக, கணிப்பு. சோதனையின் உயிர்நாடியே இதுதான். இதற்கு வேறோர் உதாரணம், மீனிலிருந்து நான்குகால் விலங்கு வந்த கதை. 38.5 கோடி ஆண்டுக்கு முன் துடுப்பு மீன்கள், 36.5 கோடியில் நான்குகால் விலங்குகள் என்றால், இடைப்பட்ட வயதுள்ள ஆற்றுப் படிவுகளில் இடைநிலை உயிரி இருக்க வேண்டும். அப்படித் தேடித்தான் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 2004இல் டிக்டாலிக் என்ற உயிரியின் படிவம் கிடைத்தது: செதிளும் துடுப்பும் உண்டு, கழுத்தும் உண்டு, துடுப்புக்குள் மணிக்கட்டுக்கு ஈடான எலும்புகளும் உண்டு.

அதற்காக டிக்டாலிக்கிலிருந்து அடுத்த விலங்குக்கு நேராக அம்புக்குறி போடாதீர்கள். போலந்தில் அதைவிடப் பழைய, சுமார் 39 கோடி ஆண்டு வயதுள்ள நான்குகால் விலங்கின் காலடித் தடங்கள் 2010இல் அறிவிக்கப்பட்டன. எனவே படிவத்தைப் பரிணாம உறவுகளைக் காட்டும் மரத்தின் பக்கக் கிளையில் வரையுங்கள், தண்டில் அல்ல.