ஆண் மீனின் ஈரலில் மஞ்சள் கரு மரபணு: ஹார்மோன் குலைக்கும் வேதிப்பொருளை அளந்து பார்ப்பது எப்படி

முட்டையே போடாத ஆண் மீனிடமும் மஞ்சள் கருவுக்கான மரபணு இருக்கிறது. பெண் மீனின் சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ரத்தம் வழியே ஈரலுக்குப் போகும். ஈரல் வைட்டெல்லோஜெனின் என்ற புரதத்தைச் செய்து அனுப்பும். அதுதான் முட்டைக்குள் மஞ்சள் கருவாகச் சேர்கிறது. ஆணின் ஈரலில் அந்த மரபணு கிட்டத்தட்ட சும்மாவே கிடக்கும். தண்ணீரில் ஈஸ்ட்ரோஜன் போல நடிக்கும் பொருள் கலந்தால் மட்டும் விழித்துக்கொள்ளும். அந்த விழிப்பை எண்ணாக மாற்றுவதுதான் இந்தச் செய்முறை.

புதிதாக வருபவர்கள் முதலில் குழம்பும் இடம் ஒன்று உண்டு: மரபணு கெட்டுப்போகவில்லை. அதன் எழுத்து வரிசை அப்படியே இருக்கிறது. ஈரல் செல்லில் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஏற்பியில் அந்தப் பொருள் ஒட்டிக்கொள்ள, ஏற்பி வடிவம் மாறி, இரண்டிரண்டாகச் சேர்ந்து டிஎன்ஏவில் தனக்கான இடத்தில் போய் உட்காரும். உடனே அந்த மரபணுவிலிருந்து எம்ஆர்என்ஏ பிரதிகள், அதாவது புரதம் செய்வதற்கான ஆர்என்ஏ நகல்கள், குவிய ஆரம்பிக்கும். நாம் எண்ணப்போவது அந்தப் பிரதிகளை.

படி 1: மீனும் பொருளும்

வரிக்குதிரை மீன் வசதியானது. 2013-இல் அதன் மரபணுத் தொகுதி முழு விவரத்துடன் வெளியானது. மரபணுக்களின் வரிசை எல்லாம் பொதுத் தரவுத்தளங்களில் கிடைக்கும். பரிசோதனைப் பொருளாகக் கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல் ஈஸ்ட்ராடையாலை எடுத்துக்கொள்ளலாம். கனடாவின் ஒன்டாரியோவில் 2001 முதல் 2003 வரை ஒரு பரிசோதனை ஏரியில் இதை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில்தான் கலந்தார்கள். அங்கிருந்த ஃபேட்ஹெட் மினோ மீன் கூட்டம் ஏறக்குறைய அழிந்தே போனது. நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு! அதனால் கையுறை இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம். விலங்குப் பரிசோதனைக்கான நெறிமுறைக் குழு அனுமதியும் முதலிலேயே வேண்டும்.

படி 2: மூன்று தொட்டிகள்

எத்தினைல் ஈஸ்ட்ராடையால் தண்ணீரில் எளிதில் கரையாது. எத்தனாலில் கரைத்துத்தான் விட வேண்டும். அப்படியானால் மாற்றம் எத்தனாலால் வந்ததா, மருந்தால் வந்ததா? அதற்காகத்தான் வெறும் தண்ணீர், தண்ணீரோடு எத்தனால் மட்டும், எத்தனாலோடு பொருள் என மூன்று வகைத் தொட்டிகள். எத்தனால் லிட்டருக்கு 0.1 மில்லியைத் தாண்டக் கூடாது. கண்ணாடித் தொட்டியே நல்லது. பிளாஸ்டிக் இந்தப் பொருளை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு வகையிலும் ஒரே தொட்டியோடு நிறுத்தாமல் சில தொட்டிகள் வையுங்கள்.

படி 3: ஈரலை எடுப்பது

மயக்க மருந்தைக் கூடுதலாகக் கொடுத்து மீனை வலியில்லாமல் முடித்துவிட்டு, ஈரலை உடனே திரவ நைட்ரஜனில் போடுங்கள். ஆர்என்ஏ நிமிடங்களில் சிதையத் தொடங்கும். எல்லா மீன்களையும் நாளின் ஒரே நேரத்தில் எடுங்கள். பல மரபணுக்களின் வேகம் பகலுக்கும் இரவுக்கும் மாறும்.

வயிற்றைத் திறந்ததும் விந்துப்பை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நான் முதல்முறை இதைச் செய்யவில்லை. வெறும் தண்ணீர்த் தொட்டியில் ஒரே ஒரு மீனின் அளவு வானத்துக்கு ஏறி நின்றது. தண்ணீரைச் சந்தேகித்தேன், குழாயைச் சந்தேகித்தேன். கடைசியில் பார்த்தால் அது வயிறு மெலிந்த ஒரு பெண் மீன்.

படி 4: ஆர்என்ஏவிலிருந்து சிடிஎன்ஏ

பிரித்தெடுத்த ஆர்என்ஏ 260, 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம் (260/280) தூய்மையைக் காட்டும்; அது 2-ஐ ஒட்டி இருந்தால் சரி. டிஎன்ஏ கலந்திருந்தால் நொதி கொண்டு நீக்கிவிட்டு, ஒவ்வொரு மீனிலிருந்தும் சம அளவு ஆர்என்ஏவைச் சிடிஎன்ஏவாக, அதாவது அதன் டிஎன்ஏ நகலாக, மாற்றுங்கள். மாற்றும் நொதி சேர்க்காத ஒரு குழாயையும் கூடவே வையுங்கள். அதில் சமிக்ஞை வந்தால் பழைய டிஎன்ஏ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

படி 5: பிசிஆரும் கணக்கும்

நிகழ்நேர பிசிஆர் ஒவ்வொரு சுற்றிலும் பிரதிகளை ஏறக்குறைய இரட்டிக்கும். பிரதிகள் கூடக்கூட குழாயில் சேர்த்த சாயத்தின் ஒளியும் கூடும். அந்த ஒளி குறிப்பிட்ட வரம்பைத் தொடும் சுற்று எண்தான் சிடி. அது குறைவாக இருந்தால் ஆரம்பத்தில் பிரதிகள் அதிகம் என்று பொருள். தலைகீழாக இருப்பதால் பழகச் சற்று நேரமாகும்.

ஈஸ்ட்ரோஜனால் அசையாத இன்னொரு மரபணுவையும் ஒப்பீட்டுக்காக அளக்க வேண்டும். ஆர்பிஎல்8 பலர் பயன்படுத்துவது. ஆனாலும் உங்கள் மீனில் அது அசையவில்லை என்று நீங்களே சரிபார்த்துவிடுங்கள்.

இப்போது கணக்கு. கீழே உள்ள சிடி எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. எத்தனால் தொட்டி ஆண்: வைட்டெல்லோஜெனின் 30, ஆர்பிஎல்8 18, வித்தியாசம் 12. மருந்துத் தொட்டி ஆண்: 21, 19, வித்தியாசம் 2. பன்னிரண்டிலிருந்து இரண்டைக் கழித்தால் 10. இரண்டின் பத்தாம் அடுக்கு 1024. அதாவது சுமார் ஆயிரம் மடங்கு. ஒப்பீட்டு மரபணு இல்லாமல் 30-க்கும் 21-க்கும் உள்ள 9-ஐ மட்டும் பார்த்திருந்தால் 512 என்று பாதியைத்தான் சொல்லியிருப்போம். பிசிஆர் எந்த மரபணுவைப் பெருக்க வேண்டும் என்று காட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்தான் தொடக்கிகள். பெருக்கம் முழு இரட்டிப்பாக இல்லாத தொடக்கிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதையும் முன்னரே சோதியுங்கள்.

அப்புறம், ஒரே மீனின் மாதிரியைப் பிசிஆர் தட்டின் மூன்று குழியில் ஓட்டினால் அது மூன்று மீன் ஆகாது. புள்ளியியல் சோதனையை மடங்கில் செய்யாமல் அந்த வித்தியாச எண்களில் செய்யுங்கள்.

படி 6: எதைச் சொல்லலாம்?

ஆணில் ஏறினால் ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள் இருந்திருக்கிறது எனலாம். எந்தப் பொருள் என்று இந்த எண் சொல்லாது. சில சலவைப் பொருள்கள் சிதைந்து உருவாகும் நோனைல்ஃபீனாலும் இதே மரபணுவை எழுப்பும். பெண்ணில் இறங்கினால், ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமட்டேஸ் நொதியை ஏதோ ஒன்று தடுத்திருக்கலாம். ஈரல் நோயாகவும் இருக்கலாம்.

ஆற்று மீனை எடுத்து இதைச் செய்பவர்கள் கொஞ்சம் ரத்தத்தையும் சேமியுங்கள். பொருள் நின்றுபோனதும் எம்ஆர்என்ஏ சீக்கிரம் இறங்கிவிடும். புரதமோ ஆணின் ரத்தத்தில் வாரக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும், போய்ச் சேர அங்கே முட்டை இல்லையே.