வானத்தைச் சுட்டுப் பார்ப்பது எப்படி

தண்டையார்பேட்டையில் 22 வருஷமாக ஏசி மெக்கானிக் வேலை பார்க்கிறேன். கிரில்லில் வரும் காற்று எத்தனை டிகிரி, கம்ப்ரசர் எவ்வளவு சுடுகிறது என்று பார்க்க டெம்பரேச்சர் கன் எப்போதும் பையில் இருக்கும். எதிரே இருப்பது விடும் வெப்பக் கதிரை வைத்து, தொடாமலேயே சூட்டைக் காட்டும் கருவி அது. போன மார்கழியில் ஒரு ராத்திரி, மொட்டை மாடியில் என் மகள் அதை எடுத்து நேராக மேலே நீட்டினாள். "நைனா, வானத்தைச் சுட்டா இன்னா காட்டும்?" ஒன்பதாவது படிக்கிறாள். பசுமை இல்ல விளைவு பாடம் அப்போதுதான் நடந்திருந்தது.

2 டிகிரி காட்டியது.

அந்த 2-ஐப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். மேகம் இல்லை, நட்சத்திரம் தெரிகிறது. அண்டவெளியின் குளிர் மைனஸ் 270 டிகிரி. என் கன் மைனஸ் 50 வரைதான் அளக்கும். நடுவில் எதுவும் இல்லாமல் அந்தக் குளிரை மட்டும் பார்த்திருந்தால், அளவுக்குக் கீழே என்று கைவிரித்திருக்கும். 2 டிகிரி என்றால், இடையில் இருக்கும் காற்று தன் சூட்டைக் கீழே அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பாடப் புத்தகத்தில் வளைந்த அம்புக்குறியாகப் போட்டிருப்பதை நம் வீட்டு மாடியிலேயே அளக்கலாம்.

பள்ளிக் கண்காட்சிகளில் இதற்கு இரண்டு பாட்டில் வைப்பார்கள். மூடி போட்டது வெயிலில் அதிகம் சுடும். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். சூடான காற்று வெளியே போக முடியாததால்தான் பாட்டில் சுடுகிறது. கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காரும் அப்படித்தான். பூமிக்கு மேல் மூடி எதுவும் கிடையாது. பெயரில் இருக்கும் 'இல்லம்' பிள்ளைகளைத் தப்பான பக்கம் கூட்டிக்கொண்டு போகிறது.

கொரோனா சமயத்தில் வாசலில் நெற்றிக்கு நீட்டிய கன் இதற்கு உதவாது. அது உடம்புச் சூட்டை மட்டும்தான் காட்டும். மெக்கானிக்குகள் வைத்திருக்கும், மைனஸ் 50 வரை இறங்கும் கன் வேண்டும். தெரிந்த ஏசிக்காரரிடம் ஒரு ராத்திரிக்குக் கேட்டு வாங்குங்கள். சூரியனை நோக்கி ஒருநாளும் நீட்டாதீர்கள், சென்சார் கெட்டுவிடும். சிவப்பு லேசர் புள்ளியை அணைத்துவிடுங்கள். மேலே விமானம் போகிறது. ஏசி அறையிலிருந்து எடுத்து வந்த கையோடு அளந்தால் தப்பாகக் காட்டும். 20 நிமிஷம் மாடியில் சும்மா வைத்திருங்கள்.

மார்கழி, தை மாதங்களில் தெளிவான ராத்திரி நல்லது. ஒன்பது மணிக்கு மேல், தண்ணீர்த் தொட்டியும் தெருவிளக்கும் குறுக்கே வராத இடமாக நில்லுங்கள். முதலில் தரையைச் சுடுங்கள். பிறகு நேர் உச்சி. பிறகு பாதி சாய்த்து ஒரு தடவை. கடைசியில் அடிவானம் பக்கம் (எங்களுக்கு அது எண்ணூர் பக்கம்), கூரைகளுக்குச் சற்று மேலே. எங்கள் மாடியில் அன்று தரை 25, உச்சி 2, சாய்வு 6, எண்ணூர் பக்கம் 17. தாழ்வாகக் காட்டக் காட்ட கன் அதிகக் காற்றைக் கடந்து பார்க்கிறது, அதனால் எண் ஏறுகிறது. அந்த நேரத்தில் ஒரு தாழ்ந்த மேகம் தலைக்கு மேல் வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். எங்களுக்கு வந்தது. உச்சி 2-லிருந்து 16-க்குத் தாவியது, மேகம் நகர்ந்ததும் திரும்ப இறங்கியது. மகள் நாலைந்து தடவை சுட்டுச் சுட்டுப் பார்த்தாள்.

கன் கிடைக்காதவர்கள் பக்கெட் மூடி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கு விரித்து, ஒன்றைத் திறந்தவெளியிலும் மற்றதைக் கயிற்றுக் கட்டிலுக்கு அடியிலும் ராத்திரி முழுக்க வையுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குப் பார்த்தால் வெளியே இருந்த மூடி நனைந்திருக்கும், கட்டிலுக்கு அடியில் இருந்தது பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். "பனி எறங்குது, தலையில துண்டு கட்டிக்கோ" என்று என் ஆயா சொல்லும். பனி மேலிருந்து இறங்குவதில்லை. வானத்தைப் பார்த்துக் கிடக்கும் மூடி தன் சூட்டை மேலே விட்டுக் குளிர்கிறது, பக்கத்துக் காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது. கட்டிலுக்கு அடியில் இருப்பதற்குக் கட்டிலே சூட்டைத் திருப்பித் தருகிறது. ஆனால் ஆயா துண்டு கட்டச் சொன்னது சரிதான்.

இந்தக் கீழ்நோக்கி வரும் சூடு எவ்வளவு? உலகச் சராசரியில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 340 வாட், இரவும் பகலும். தரை நேரடியாக வெயிலிலிருந்து எடுத்துக்கொள்வது சராசரியாக 160 வாட்தான். வாட் கணக்கிலேயே பிழைக்கிற எனக்கு இதை நம்ப ஒரு வாரம் ஆனது. இது இல்லையென்றால் பூமியின் சராசரி 15 டிகிரிக்குப் பதில் மைனஸ் 18 ஆக இருக்கும். காசிமேட்டுக் கடலும் உறைந்துதான் கிடக்கும்.

பிள்ளைகளிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கன் பார்ப்பது வெப்பக் கதிரில் 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தை மட்டும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நீங்கள் அளந்தது பெரும்பாலும் நீராவியும் மேகமும் அனுப்பியது. கார்பன் டை ஆக்சைடு பலமாக வேலை செய்வது 15 மைக்ரான் பக்கம். அங்கே அளந்தால் பக்கத்துக் காற்றின் சூடு கலந்துவிடும் என்பதால் கன் அதைத் தவிர்க்கிறது. அந்த வாயுவுக்கு 1856-இல் அமெரிக்க விஞ்ஞானி யூனிஸ் ஃபூட் செய்த சோதனையைச் சொல்லலாம். கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு காற்றை அடைத்து வெயிலில் வைத்தார். அதிகம் சூடேறியதும், மெதுவாக ஆறியதும் கார்பன் டை ஆக்சைடு. 1859-இல் அயர்லாந்து விஞ்ஞானி ஜான் டின்டால் கருவி வைத்து அளந்து, நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெப்பக் கதிரைத் தடுப்பதே இல்லை என்று காட்டினார். நீராவி பத்து நாளுக்குள் மழையாக இறங்கிவிடும். கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் அது பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அது ஒரு டிகிரி சூடேற்றினால் காற்று 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அந்த நீராவி சூட்டை இன்னும் ஏற்றும்.

இனி என் தொழில் விஷயம். என் கன் பார்க்கிற அந்த 8 முதல் 14 மைக்ரான் ஒரு ஜன்னல் மாதிரி. பூமியின் சூடு பெரிய தடையில்லாமல் வெளியே போகும் வழி அதுதான். ஏசியில் நாங்கள் நிரப்பும் கேஸ்கள் சரியாக அந்த ஜன்னலில் போய் உட்காருகின்றன. ஒரு கிலோ ஆர்22 வெளியே போனால் நூறு வருஷக் கணக்கில் ஏறக்குறைய 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். புது ஏசிகளில் வரும் ஆர்32-கூட 675 கிலோ. தொழில் கற்ற காலத்தில் வால்வைத் திறந்து 'புஸ்' என்று வெளியே விட்டிருக்கிறேன். அப்போது எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

ஆகவே வீடு மாற்றும்போதோ பழைய ஸ்ப்ளிட் ஏசியைக் கழற்றும்போதோ மெக்கானிக்கிடம் "பம்ப் டவுன் பண்ணிட்டுக் கழட்டுங்க அண்ணே" என்று சொல்லுங்கள். ஏசியைக் கூலிங்கில் ஓடவிட்டு, வெளி யூனிட்டின் சின்ன வால்வை முதலில் மூடுவோம். கேஸ் வெளி யூனிட்டுக்குள் திரும்பிச் சேர்ந்ததும் பெரிய வால்வையும் மூடி ஏசியை நிறுத்துவோம். ஓரிரு நிமிஷ வேலை. கம்ப்ரசர் ஓடாத யூனிட்டில் இது முடியாது. அதற்கு, கேஸை உறிஞ்சி எடுக்கும் ரெகவரி மெஷினும் காலி சிலிண்டரும் கொண்டுவருகிற ஆளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.