புது பிரேக் போட்டும் பெடல் ஏன் பஞ்சாக அமுங்குகிறது? பழைய ஸ்போர்ட்ஸ் காரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய டிஸ்க், அதைப் பேடால் இறுக்கிப் பிடிக்கும் நாலு பிஸ்டன் கேலிப்பர் எல்லாம் மாட்டியாகிவிட்டது. பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி தரைவரை போகிறது. இப்படி ஒரு மாலை முழுக்க நானும் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பாட்டில் பிரேக் ஆயில் காலி. குழாயில் ஒரு குமிழிகூட வரவில்லை, பெடலும் இறுகவில்லை. கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தால், இடது கேலிப்பர் வலதிலும் வலது கேலிப்பர் இடதிலும் இருக்கிறது! போல்ட் துளைகள் இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தியதால் சந்தேகமே வரவில்லை. ஆனால் காற்றை வெளியே எடுக்கத் திறக்கும் சின்னத் திருகான ப்ளீடர் நிப்பிள் அடிப்பக்கம் போய்விட்டது. காற்று மேலேதான் ஏறும். நிப்பிள் கீழே இருந்தால் ஆயில் மட்டும் சுத்தமாக வந்துகொண்டிருக்கும், காற்று கேலிப்பரின் மண்டையில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். மிதிக்கும்போது அந்தக் காற்று அமுங்குவதால்தான் பெடல் பஞ்சாகிறது. நிப்பிள் உச்சியில் இருக்கிறதா என்பதை ஆயிலை ஊற்றுவதற்கு முன்பே பாருங்கள். உள்பாதி, வெளிப்பாதி இரண்டிலும் நிப்பிள் இருக்கும் கேலிப்பர் என்றால் இரண்டிலுமே காற்று எடுக்க வேண்டும்.

காற்றே இல்லாமலும் பெடல் நீளமாகப் போகலாம். கேலிப்பர் பிஸ்டன்களின் பரப்பு கூடினால், அவற்றைத் தள்ள அதிக ஆயில் வேண்டும். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டர் அவ்வளவையும் அனுப்ப பெடல் கூடுதல் தூரம் போயாக வேண்டும். சரி, பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் தீர்ந்ததா? 19.05 மில்லிமீட்டர் விட்டத்திலிருந்து 22.2-க்குப் போனால் பரப்பு சுமார் 36 சதவீதம் கூடும். பெடல் குறைவாகப் போகும், ஆனால் அதே அழுத்தம் கிடைக்க அதே 36 சதவீதம் கூடுதலாக மிதிக்க வேண்டும். மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் இல்லாத பழைய வண்டியில் இது காலுக்கு நன்றாகவே தெரியும்.

முன்சக்கரத்துக்கு மட்டும் பெரிய பிரேக் போட்டால் முன்டயர்கள் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும், பின்பிரேக் சும்மா இருக்கும். வண்டி நிற்கும் தூரம் முன்னைவிடக் கூடவும் வாய்ப்பு உண்டு. பின்பக்கத்தை மட்டும் பலப்படுத்துவது அதைவிட மோசம். பின்சக்கரங்கள் முதலில் பூட்டினால் வண்டி சுழன்றுவிடும். உண்மையில், இருக்கிற பிரேக்கே டயரைப் பூட்டும் அளவுக்கு இருந்தால், பெரிய டிஸ்க் ஒரு தடவை நிறுத்துவதில் எதையும் கூட்டித் தராது. திரும்பத் திரும்ப மிதிக்கும்போது வரும் சூட்டைத் தாங்கத்தான் அது. சாலையில் மட்டும் ஓட்டுபவராக இருந்தால் நல்ல பேட், புது ஹோஸ், புது ஆயில், இந்த மூன்றையும் முதலில் மாற்றிப் பாருங்கள் என்பேன்.

ஹோஸ் என்றதும் ஒன்று. பழைய ரப்பர் ஹோஸ் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே வீங்கித் துளை அடைத்திருக்கும். மிதிக்கும் அழுத்தத்தில் ஆயில் போய்விடும், திரும்பி வராது, பிரேக் பிடித்தபடியே இருக்கும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சுட்டால் கேலிப்பரைத் திட்டுவதற்கு முன் ஹோஸைச் சந்தேகப்படுங்கள். வேலை செய்யும்போது கேலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிடாதீர்கள், ஒரு கம்பியால் கட்டி வையுங்கள். ஹோஸ் மாட்டும்போது செப்பு வாஷர்களும் புதிதாகத்தான் போட வேண்டும்.

ஆயில் விஷயத்தில் பெயர்தான் குழப்பும். பாட்டிலில் போட்டிருக்கும் தர எண்களில் டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைகால் வகை, டாட் 5 சிலிக்கான். 5-ஐயும் 5.1-ஐயும் அண்ணன் தம்பி என்று நினைத்துக் கலந்துவிடாதீர்கள். கிளைகால் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். போன வருஷம் திறந்த பாட்டிலில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றுவது தப்பு. அப்புறம், அது பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

காற்று எடுக்கும்போது இன்னொருவரைப் பெடலில் உட்காரவைத்து 'மிதி, விடு' என்று சொல்வதுதான் பழைய வழி. நிப்பிளை மூடிய பிறகே பெடலை விட வேண்டும், இல்லாவிட்டால் விட்ட காற்று திரும்ப உள்ளே போகும். ஐந்தாறு மிதிக்கு ஒரு தடவை ஆயில் ஊற்றும் டப்பாவை, அதாவது ரிசர்வாயரைப் பாருங்கள். அது வறண்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பழைய மாஸ்டர் சிலிண்டரை வைத்தே வேலை செய்தால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். சிலிண்டருக்குள், சாதாரணமாக ஓட்டும்போது ரப்பர் சீல் தொடாத இடத்தில் துரு இருக்கலாம். பெடலைத் தரைவரை அமுக்கினால் சீல் அதில் உரசிக் கிழியலாம். துருப்பிடித்த நிப்பிளை பன்னிரண்டு முனை ஸ்பேனரால் திருகி மூலை மழுங்க வைக்காதீர்கள். ஆறு முனை சாக்கெட்தான், முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவைத்து.

பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டியில், டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூ தளர்வாக இருந்தாலும் பெடல் ஆழமாகப் போகும். எத்தனை பாட்டில் ஊற்றினாலும் அது சரியாகாது. முதலில் ஷூவை டைட் பண்ணிவிட்டு அப்புறம் காற்றைத் தேடுங்கள்.

வண்டியை நகர்த்தும் முன் பெடலை நாலைந்து தடவை மிதித்து இறுகுகிறதா என்று பாருங்கள். பேட் மாற்றும்போது உள்ளே தள்ளிய பிஸ்டன்கள் இன்னும் பேடை டிஸ்க்கோடு சேர்த்திருக்காது, முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. காலியான சாலையில் மிதமான வேகத்திலிருந்து சில தடவை வேகத்தைக் குறைத்துப் பேடை டிஸ்க்கோடு பழக்குங்கள். முழுசாக நிறுத்தி, சூடான டிஸ்க்கில் பேடை அமுக்கியபடி வைத்திருக்காதீர்கள். அந்த இடத்தில் பேட் படிவம் ஒட்டிக்கொண்டு அப்புறம் ஒவ்வொரு மிதிக்கும் ஸ்டியரிங் நடுங்கும். டிஸ்க் ஆறியதும் ஒவ்வொரு நிப்பிளையும் ஹோஸ் இணைப்பையும் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். காகிதம் நனைந்தால், வண்டி அன்றைக்கு வெளியே போகாது.