காலிப் பட்டியலை நம்பாதீர்கள்: பாதுகாப்பு ஸ்கேன் முடிவுகளை ஏபிஐ வழியே எடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரலில் உள்ள பாதுகாப்புக் குறைகளைத் தேடும் கருவிகளில் பெரும்பாலானவை முடிவுகளை ஏபிஐ (ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் தரவு கேட்கும் வாசல்) வழியாகவும் தருகின்றன. ஒரு ஸ்கிரிப்ட் அவற்றை எடுத்து டிக்கெட் (சரிசெய்ய வேண்டிய வேலைக் குறிப்பு) போடும், ரிலீஸை நிறுத்தும், வாராந்தர அறிக்கையில் சேர்க்கும். எழுதுவதும் சுலபம்: ஒரு டோக்கன் (அனுமதிச் சாவி), ஒரு முகவரி, ஜேசன் என்ற வடிவத்தில் வருகிற பதிலைப் பிரித்துப் படிக்கச் சில வரிகள். சிக்கல் என்னவென்றால், இந்த ஸ்கிரிப்ட் தப்பாகப் போனால் சத்தமே வராது. மற்ற நிரல்களில் தரவு வரவில்லை என்றால் திரை காலியாக நிற்கும், யாராவது கேட்பார்கள். இங்கே தரவு வராவிட்டால் “குறை எதுவும் இல்லை” என்று அறிக்கை பச்சையாக வரும். எல்லோரும் நிம்மதியாகக் கலைந்துபோவார்கள்.

ஆகவே முதலில் சந்தேகப்பட வேண்டியது பூஜ்யத்தை.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் கோட் ஸ்கேனிங் ஏபிஐயை எடுத்துக்கொள்வோம். ஒரு ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) இதுவரை ஸ்கேனே நடக்கவில்லை என்றால், எச்சரிக்கைகளை, அதாவது ஸ்கேன் கண்ட குறைகளைக் கேட்கும்போது 404 (“கிடைக்கவில்லை”) வரும். பிரைவேட் ரெப்போவைப் பார்க்க டோக்கனுக்கு அனுமதி இல்லாவிட்டாலும் அதே 404தான். அப்படி ஒரு ரெப்போ இருப்பதையே காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஸ்கேன் வசதியே இயக்கப்படவில்லை என்றால் 403 (“அனுமதி இல்லை”). இந்த மூன்றையும் ஒரே பிளாக்கில் பிடித்து, காலிப் பட்டியலைத் திருப்பிக் கொடுக்கும் நிரல்கள் நிறைய உலவுகின்றன. பல ரெப்போக்களைச் சுற்றிவரும் ஸ்கிரிப்ட் ஒன்றில் முட்டிக்கொண்டு நின்றுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான் காரணம். நிற்க வேண்டாம், சரி. ஆனால் அறிக்கையில் அந்த ரெப்போவுக்கு நேராக “0” என்று எழுதாமல் “தெரியவில்லை” என்று எழுத வேண்டும்.

200 (“சரி”) என்ற பதிலோடு காலிப் பட்டியல் வந்தாலும் வேலை முடியவில்லை. அந்த ஸ்கேன் எப்போது, எந்த கமிட்டின் (நிரலில் சேமித்த ஒரு பதிப்பின்) மேல் நடந்தது? கிட்ஹப்பில் எச்சரிக்கைகளுக்கு ஒரு முகவரி, நடந்து முடிந்த பகுப்பாய்வுகளுக்கு இன்னொரு முகவரி என்று தனித்தனியாக உண்டு. இரண்டாவதை யாரும் கூப்பிடுவதில்லை. அதில்தான் கமிட்டின் ஹேஷ் (அடையாளக் குறியீடு), நடந்த நேரம், எத்தனை விதிகள் ஓடின, எத்தனை முடிவுகள் கிடைத்தன, பிழை ஏதாவது உண்டா என்பதெல்லாம் இருக்கும். ரிலீஸ் செய்யப்போகும் கமிட்டும் அங்கே இருக்கும் கமிட்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கிட்ஹப்பின் ஸ்கேன் கருவியான கோட்கியூஎல் ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பகுப்பாய்வாகப் பதிவாகும். ஜாவாஸ்கிரிப்ட் ஒழுங்காக ஓடி, ஜாவா பில்ட் (நிரலைத் தொகுக்கும் வேலை) பாதியில் விழுந்திருந்தால், பட்டியல் பார்வைக்கு இயல்பாகவே இருக்கும். எந்தெந்த மொழிகள் வர வேண்டும் என்ற பட்டியலை ஸ்கிரிப்ட் தன்னிடம் வைத்துக்கொண்டு சரிபார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கருவி தரும் சாரிஃப் (ஸ்கேன் முடிவுகளுக்கான பொது வடிவம்) ஃபைலை நேரடியாகப் படிப்பவர்களுக்கும் இதே கதைதான். சாரிஃப் 2.1.0 வடிவத்தில், உண்மையாக ஸ்கேன் நடந்திருந்தால் முடிவுகளுக்கான வரிசை ஃபைலில் இருந்தே ஆக வேண்டும், காலியாக இருந்தாலும். விதிகளின் விவரத்தை மட்டும் ஏற்றுமதி செய்த ஃபைலில் அந்த வரிசை இல்லாமல் போகலாம். ஆக, காலி வரிசையும் இல்லாத வரிசையும் வேறு வேறு. பைத்தானில் “இல்லையென்றால் காலிப் பட்டியலைக் கொடு” என்று பழக்கதோஷத்தில் எழுதும் அந்த ஒரு வரி, இந்த வித்தியாசத்தை அழித்துவிடுகிறது. கருவி தன் ஓட்டத்தைப் பற்றிய குறிப்பையும் எழுதியிருந்தால், அது வெற்றியாக முடிந்ததா என்று சொல்லும் ஆம்/இல்லை மதிப்பு அதில் இருக்கும். முடிவுகளுக்குப் போகும் முன் அதைப் படியுங்கள்.

அவசரப்பட்டுக் கேட்பது

ஸ்கேன் முடிந்துவிட்டது என்று சிஐ (நிரலைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) சொன்னால், முடிவுகள் தயார் என்று அர்த்தமில்லை. சோனார்கியூப் என்ற இன்னொரு ஸ்கேன் கருவியில் ஸ்கேனர் தன் அறிக்கையைச் சர்வரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடும். சர்வர் அதைப் பின்னணியில், வரிசைப்படி பிரித்துச் சேர்க்கும். அந்த இடைவெளியில் கேட்டால் கிடைப்பது முந்தைய ஸ்கேனின் முடிவு. நேற்றைய பச்சையை இன்றைய நிரலுக்கு ஒட்டுவது இப்படித்தான் நடக்கிறது. ஸ்கேனர் விட்டுச்செல்லும் சிறு ஃபைலில் பின்னணி வேலையின் எண் இருக்கும். அது வெற்றி என்று சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள், தோல்வி என்றால் அங்கேயே நிறுத்துங்கள். கிட்ஹப்பில் சாரிஃபை ஏற்றும்போதும் 202 என்றுதான் பதில் வரும், அதாவது “வாங்கிக்கொண்டேன், இன்னும் பார்க்கவில்லை”. கூடவே வரும் அடையாள எண்ணை வைத்து நிலையைத் தனியாகக் கேட்க வேண்டும். முப்பது விநாடி தூங்கவிட்டு அப்புறம் கேட்பது தீர்வு ஆகாது. சிறிய ரெப்போவில் அது ஓடும். பெரியதில் என்றாவது கைவிடும்.

முதல் பக்கத்தோடு நிறுத்துவது

இது எல்லோருக்கும் தெரிந்த தவறு, ஆனாலும் நடக்கிறது. எதுவும் குறிப்பிடாவிட்டால் கிட்ஹப் ஒரு பக்கத்துக்கு 30 தரும், கேட்டால் 100 வரை. சோனார்கியூபில் இயல்பாக 100, அதிகபட்சம் 500. கிட்ஹப்பில் பக்க எண்ணை நீங்களே கூட்டிக்கொண்டு போவதைவிட, பதிலின் ஹெடரில் (தலைப்பகுதியில்) வரும் அடுத்த பக்க இணைப்பு இருக்கும்வரை அதைத் தொடர்வது நல்லது. சோனார்கியூபில் இன்னொரு சுவர் உண்டு: எத்தனை பக்கம் புரட்டினாலும் ஒரு தேடலுக்கு முதல் 10,000 முடிவுகள்தான். பழைய, பெரிய நிரல்தொகுப்பில் இதை எட்டுவது கஷ்டமே இல்லை. தேதி, விதி, கோப்புறை என்று ஏதாவது ஒன்றால் தேடலைப் பிரித்துக்கொள்ளுங்கள். கடைசியில், சர்வர் சொல்லும் மொத்த எண்ணிக்கையும் கையில் சேர்ந்த எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சோனார்கியூபைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடலாம்: மனிதர் பார்த்து முடிவு செய்ய வேண்டிய செக்யூரிட்டி ஹாட்ஸ்பாட்டுகள் வழக்கமான குறைகள் தேடலில் வராது. அவற்றுக்குத் தனி முகவரி. கிராஃப்கியூஎல் (ஏபிஐயிடம் தரவு கேட்கும் இன்னொரு முறை) பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: உள்ளே பிழை இருந்தாலும் வெளியே 200 வரும். நிலைக் குறியீட்டை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள்.

பிராஞ்ச் (நிரலின் தனிக் கிளை) குறிப்பிடாமல் கேட்டால் பொதுவாக முதன்மைப் பிராஞ்சின் நிலவரம்தான் கிடைக்கும். புல் ரிக்வெஸ்டை (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையை) தடுப்பதற்காக எழுதிய சோதனை முதன்மைப் பிராஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தால், புதிதாக நுழையும் ஓட்டை உள்ளே வந்த பிறகுதான் தெரியும்.

தீவிரத்தைப் படிப்பதிலும் ஒரு குழி. கிட்ஹப்பில் ஒரே விதிக்கு இரண்டு அளவுகள்: குறிப்பு, எச்சரிக்கை, பிழை என்று ஒன்று, குறைவு, நடுத்தரம், அதிகம், மிகத் தீவிரம் என்ற பாதுகாப்பு அளவு இன்னொன்று. “பிழை” என்பதை மட்டும் வடிகட்டினால், எச்சரிக்கை என்று குறிக்கப்பட்ட கடுமையான ஓட்டைகள் நழுவிப்போகும். இரண்டாவது அளவு எல்லா விதிகளுக்கும் இருக்காது. அது இல்லாதவற்றைத் தூக்கி எறியாமல் தனியே வையுங்கள். சாரிஃப் முடிவில் நிலை எழுதப்படாமல் இருந்தால் விதியின் இயல்புநிலையைப் பார்க்க வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் எச்சரிக்கை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு ஸ்கேன்களை ஒப்பிடும்போது கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் சாவியாக வைக்காதீர்கள். மேலே ஒரு இம்போர்ட் வரி சேர்ந்தால், கீழே உள்ள எல்லாமே “புதிய” குறைகளாகிவிடும், டிக்கெட்டுகள் குவியும். கிட்ஹப்பின் எச்சரிக்கை எண்ணைப் பயன்படுத்தலாம். அது அந்த ரெப்போவுக்குள் மட்டும்தான் தனித்துவமானது என்பதால் ரெப்போவின் பெயரையும் சேர்த்தே சேமியுங்கள். சாரிஃபில் ஒரு குறையை அடையாளம் காட்டும் கைரேகை மதிப்புகள் இருந்தால் அவை இன்னும் நல்லது. திறந்திருக்கும் எச்சரிக்கைகளை மட்டும் எடுத்தால், காணாமல் போனது சரிசெய்யப்பட்டதா, யாரோ “தவறான எச்சரிக்கை” என்று தள்ளிவிட்டதா என்பது தெரியாது. தள்ளியவரும் காரணமும் ஏபிஐயில் கிடைக்கின்றன. தணிக்கைக்கு அவை வேண்டும்.

டோக்கனுக்கு, எச்சரிக்கைகளைப் படிக்கும் அனுமதி மட்டும் போதும். எடுத்த முடிவுகளை சிஐ லாகில் (ஓட்டப் பதிவில்) அப்படியே அச்சிடாதீர்கள். எந்தக் கோப்பில் எந்த வரியில் ஓட்டை என்ற முழு விவரமும் அதில் இருக்கிறது. கிட்ஹப்பின் ரகசிய ஸ்கேன் ஏபிஐ இன்னும் ஒரு படி மேலே: நீங்கள் மறைக்கச் சொல்லாவிட்டால், கசிந்த கடவுச்சாவியையே பதிலில் வைத்துக் கொடுக்கும்.