அவையறிந்து இசைத்தல்: இணைய விளையாட்டுகளில் கலைஞராக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

பலர் ஒரே உலகில் கூடி ஆடும் இணைய விளையாட்டுகளில், சண்டையை விட்டு வாசிப்பதிலும் ஆடுவதிலும் நாளைக் கழிக்கும் பாத்திரங்கள் உண்டு. 2003 ஜூனில் தொடங்கி 2011 டிசம்பர் 15 அன்று மூடப்பட்ட ‘ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்’ விளையாட்டில் ‘என்டர்டெய்னர்’ (ஆடியும் இசைத்தும் மகிழ்விக்கும் கலைஞர்) என்பது ஒரு தனித் தொழிலாகவே இருந்தது. ரசிகர்கள் நடத்தும் சர்வர்களில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. 2007 ஏப்ரலில் வெளிவந்து தொடர்ந்து நடந்துவரும் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைன்’ விளையாட்டில் மின்ஸ்ட்ரல் வகுப்பினரும் (பாணர் வகைப் பாத்திரங்கள்), அவர்களிடம் கற்றுக்கொண்ட மற்றவர்களும் பல வகை வாத்தியங்களை ஏந்தலாம். ‘ஃபைனல் ஃபேண்டஸி 14’ விளையாட்டில் பார்டு என்னும் பாணர் வகுப்பில் 30ஆம் நிலையை எட்டியவர் சுரம் சுரமாகத் தாமே வாசிக்க முடியும். இந்த மூன்றையும் மனத்தில் வைத்தே கீழ்க்கண்ட வழிமுறைகளை எழுதுகிறேன். இரண்டாவது விளையாட்டில்தான் இசைக்குழுக்களின் வாழ்க்கை மிகச் செழிப்பாக இருக்கிறது என்பதால் அதைப் பற்றியே அதிகம் சொல்வேன்.

முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்று உண்டு. வாள் வீசுபவர் பிழை செய்தால் அவருடைய குழுவினர் மட்டுமே அதன் விளைவைச் சுமப்பார்கள். வாசிப்பவர் பிழை செய்தாலோ, காது எட்டும் தூரத்தில் நிற்கும் அத்தனை பேரும், அவரை அறியாதவர்களும்கூட, அதைச் சுமக்க வேண்டியிருக்கிறது. கலைஞர் பாத்திரத்துக்குரிய நாகரிகம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

இடத்தைத் தேர்ந்துகொள்ளுதல்

லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைனில் ப்ரீ ஊரின் ப்ரான்சிங் போனி விடுதி இசைக்கென்றே அமைந்ததுபோல் இருக்கும் இடம். அங்கே வருபவர் இசையை எதிர்பார்த்தே வருகிறார். அதே ஊரின் ஏலக் கூடமும், அஞ்சல் பெட்டியைச் சுற்றிய இடமும், பொருள் வைக்கும் பெட்டகத்தின் வாசலும் அப்படிப்பட்டவை அல்ல. அங்கே நிற்பவர் ஒரு வேலையை முடித்துக்கொண்டு கிளம்ப வந்தவர், நகர முடியாமல் நிற்பவர். அத்தகைய இடத்தில் லூட் என்னும் நரம்பு வாத்தியத்தில் ஒரு மெல்லிய பாட்டை ஒருமுறை வாசித்து நிறுத்துவதை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பேக்பைப்பையோ மாட்டு மணியையோ எடுத்துக்கொண்டு ஒரே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்ப அடிப்பது இசையாகாது, தொல்லை மட்டுமே.

இப்படிச் சொன்னால், ‘பிறர் வாசிக்கும் இசையின் ஒலியைக் குறைக்கவோ நிறுத்தவோ விளையாட்டின் அமைப்பிலேயே வசதி இருக்கிறதே, பிடிக்காதவர் அணைத்துக்கொள்ளட்டும்’ என்று பதில் வருவதுண்டு. வசதி இருப்பது உண்மைதான். புதியவர்கள் அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லதும்கூட. எனினும் ஒருவர் உங்களால் அந்த ஒலியை அணைத்துவிட்டால், அடுத்த வாரம் விடுதியில் நன்றாக வாசிக்கும் இன்னொரு குழுவின் பாட்டும் அவருக்குக் கேட்காமல் போகிறது. ஒரு சர்வரின் இசை ரசிகர்கள் இப்படித்தான் ஒருவர் ஒருவராகக் குறைந்துபோகிறார்கள். ஆகவே அந்த வசதியைச் சுட்டிக்காட்டித் தன் நடத்தையை நியாயப்படுத்தும் உரிமை வாசிப்பவருக்கு இல்லை என்பதே என் உறுதியான கருத்து.

பழகுவதற்கு ஊருக்கு வெளியே போங்கள். ஷயர் என்னும் பகுதியின் வயல்வெளிகளிலும், ஆள் நடமாட்டமில்லாத பாழடைந்த கோட்டைகளிலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தவறாக வாசிக்கலாம். விளையாட்டுக்குள் சொந்த வீடு வாங்கியிருந்தால் இன்னும் வசதி. இசைநிலைக்குள் நுழைந்தவுடன் விசைப்பலகையின் எண் விசைகளே சுரங்களாக மாறிவிடும்; எனவே சாட்டில் தட்டச்சு செய்வதாக நினைத்துக்கொண்டு விரலை வைத்தால் அது ஊர் கேட்க ஒலித்துவிடும். மற்றொரு குழு வாசித்துக்கொண்டிருக்கும் அவையில் அமரும்போது இசைநிலையிலிருந்து வெளியேறிவிட்டு அமர்வது இதனால்தான் முக்கியம்.

ஏற்கெனவே ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு நீங்கள் வந்தால், அவர் முடிக்கும்வரை காத்திருந்து, தனிச்செய்தியில் அனுமதி கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முன்னால் வந்தவருக்கே இடம் என்பது எங்கும் ஏற்கப்பட்ட முறை. ஒரே மண்டபத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு கச்சேரிகள் நடந்தால் கேட்க வந்தவர் இரண்டையும் இழக்கிறார்.

குழுவாக வாசிக்கும்போது

லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைன் விளையாட்டு ஏபிசி என்னும் எழுத்துவடிவக் குறியீட்டில் எழுதிய கோப்புகளைத் தானே படித்து வாசிக்கும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மூன்று ஸ்தாயி வீச்சு உண்டு. குழுவில் ஒவ்வொருவரும் தம் பாகத்தை ஏற்றி, ஒத்திசைவுக் கட்டளை கொடுத்துக் காத்திருக்க, ஒருவர் தொடக்கக் கட்டளை கொடுத்தவுடன் எல்லாப் பாகங்களும் ஒரே கணத்தில் எழும். கோப்பு தானாக வாசிக்கிறதே, இதில் மனிதருக்கு என்ன வேலை என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கலாம். உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும்: யாருக்கு எந்தப் பாகம், எவர் கையில் எந்த வாத்தியம், யாருடைய இணைப்பு இன்று தடுமாறுகிறது, அடுத்த பாட்டு எது என்று இடைவிடாமல் கவனிக்க வேண்டிய வேலை அது.

ஆகவே குழு உறுப்பினரின் முதல் கடமை, தலைவர் பாட்டின் பெயரைச் சொன்னவுடன் சரியான வாத்தியத்தை எடுத்து, சரியான பாகத்தை ஏற்றி, தயார் என்று குழுச் சாட்டில் தெரிவிப்பது. தியோர்போ என்னும் நரம்பு வாத்தியத்தின் பாகத்தைக் கையில் கிளாரினெட்டோடு தொடங்கியவரால் பாட்டு முழுதும் கெட்டுவிடும். அப்படி நேர்ந்துவிட்டால் பாதியில் நின்று வாத்தியம் மாற்றி மறுபடி நுழைய முயல வேண்டாம். தனியாகத் தொடங்கும் பாகம் மற்றவற்றோடு ஒருபோதும் சேராது. அமைதியாக நிறுத்திவிட்டு அடுத்த பாட்டுக்குக் காத்திருங்கள். தலைவராக இருப்பவர் அந்தப் பிழையைப் பொதுச் சாட்டில் சுட்டிக்காட்டுவது பிழையைவிடப் பெரிய அநாகரிகம். லேக் (இணைப்பின் தாமதம்) காரணமாகச் சுரங்கள் விடுபட்டதற்கு ஒருவரைக் கடிந்துகொள்வதும் அப்படியே. அவர் கையில் இல்லாத ஒன்றுக்கு அவரைக் குற்றவாளியாக்கக் கூடாது.

பாட்டுக் கோப்புகளைப் பற்றி ஒரு சொல். ஏபிசி கோப்பின் தலைப்பகுதியில் இயற்றியவரையும், குறியீட்டில் எழுதியவரையும் குறிப்பிடும் வரிகள் உண்டு. ஒரு பாட்டை ஆறு வாத்தியங்களுக்குப் பிரித்து, எந்தச் சுரம் எந்தக் கருவியில் நன்றாக ஒலிக்கும் என்று சோதித்துச் சோதித்து எழுதுவதற்குப் பல மாலைகள் பிடிக்கும். அந்த வரியை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்வதும், தனிப்பட்ட முறையில் கொடுத்த கோப்பை எழுதியவரிடம் கேட்காமல் பொதுவில் பரப்புவதும் இசைக்குழுக்களுக்குள் மிகக் கசப்பான பிரிவுகளை உண்டாக்கும் செயல்கள். கோப்பைத் திருத்தினால் மூல எழுத்தாளரின் பெயரை அப்படியே விட்டு, திருத்தியவர் என்று உங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். குழுவை விட்டு விலகும்போதும் இதே கவனம் வேண்டும்: குழுவுக்காக மற்றவர் எழுதிய பாட்டுகளைப் புதிய குழுவுக்குக் கொண்டுபோகுமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆளில்லாத மேடை

ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸின் வரலாறு இங்கே மிகுந்த பாடம் தருவது. அந்த விளையாட்டின் தொடக்க ஆண்டுகளில், சண்டையிட்டவர்களுக்குப் போர்க்களைப்பு சேரும். மனத்துக்குரிய காயங்களும் படும். அவற்றை ஆற்ற கேன்டீனா என்னும் மதுக்கூடத்துக்கு வந்து, நடனத்தைப் பார்த்தும் இசையைக் கேட்டும் சிறிது நேரம் அமர்ந்திருந்தே ஆக வேண்டும். தேர்ந்த கலைஞர் மனத்திறனைச் சிறிது நேரத்துக்குக் கூட்டும் ‘பஃப்’ என்னும் வலுவூட்டலும் தருவார். சண்டைக்காரரை உட்காரவைத்துப் பேசவைக்க வேண்டும் என்பதே இந்த அமைப்பின் பயன். கொரோனெட்டிலும் மோஸ் ஐஸ்லியிலும் தீடிலும் இருந்த கேன்டீனாக்களில் அறிமுகங்களும் நட்புகளும் கில்டுகளும் (நிலையான ஆட்டக் குழுக்கள்) பிறந்தது அதனால்தான்.

ஆனால் ஆட்டத்தையும் இசையையும் மேக்ரோ (கட்டளைகளைத் தானாக இயக்கும் தொகுப்பு) எழுதி ஓடவிட முடிந்தது. அனுபவப் புள்ளிகளுக்காகப் பலர் பாத்திரத்தை மேடையில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போனார்கள். வருகிறவருக்குக் காயம் ஆறியது. ஆனால் வணக்கம் சொன்னால் திரும்பச் சொல்ல ஆளில்லை. பத்துப் பேர் ஆடும் கூடத்தில் ஒருவர்கூட விழித்திருக்காத நிலையில், பேசுவதற்கென்று வந்தவர்கள் மெல்ல வராமல் போனார்கள். விழித்திருந்து உழைத்த கலைஞர்களுக்கு நேர்ந்த இழப்பு இரட்டிப்பானது: அவர்களுடைய புள்ளிகளும் குறைந்தன, அவர்கள் நேசித்த அவையும் காலியாயிற்று.

எனவே உங்கள் பாத்திரத்தை ஏஎஃப்கே (கணினியை விட்டு விலகியிருக்கும்) நிலையில் மேடையில் விட்டுச் செல்லாதீர்கள். சிறிது நேரம் எழுந்து போக வேண்டியிருந்தால் ஆட்டத்தை நிறுத்தி, ஓரமாக அமர்த்தி, தொலைவில் இருப்பதாகக் குறி போட்டுவிட்டுப் போங்கள். நீண்ட பயிற்சி தேவைப்பட்டால், விளையாட்டின் விதி அதை அனுமதிக்கும் பட்சத்தில், ஆளில்லாத முகாமில் செய்யுங்கள். மேடையில் இருக்கும்வரை வருபவரைப் பார்த்து ஒரு சொல்லாவது பேசுங்கள், புதியவருக்கு எங்கே அமர வேண்டும் என்று சொல்லுங்கள்.

டிப்ஸ்

கேட்காமல் வருவதே டிப்ஸ். சாட்டில் நிமிடத்துக்கு ஒருமுறை கட்டணத்தை நினைவூட்டுபவரைச் சுற்றிக் கூட்டம் நிற்காது. பஃப்புக்கு விலை உண்டென்றால் தொடங்குவதற்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முடிந்தபின் கேட்பது வம்புக்கு வழி. ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸில் ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு நடனக் கலைஞரைப் பார்க்கவும் ஓர் இசைக்கலைஞரைக் கேட்கவும் முடியும் என்பதால், பணம் பெரும்பாலும் ஒருவர் கைக்கே போய்ச் சேரும். அதை உடன் இருந்தவரோடு பகிர்ந்துகொள்வது நல்ல குழுக்களின் வழக்கம். பக்கத்துக் கலைஞரின் ரசிகரைத் தனிச்செய்தி அனுப்பித் தன் பக்கம் இழுப்பது கூடாது.

பார்வையாளரின் பொறுப்பு

கேட்க வருபவர்களுக்கும் முறைகள் உண்டு. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைனின் லேண்ட்ரோவல் சர்வரில் 2009 முதல் வெதர்டாப் குன்றின்மேல் நடந்துவந்த ‘வெதர்ஸ்டாக்’ போன்ற பெருவிழாவில், ஏறக்குறைய ஒரே இடத்தில் அத்தனை பாத்திரங்களும் திரள்வதால் பலருடைய கணினி திணறும். குதிரையை விட்டு இறங்கி, துணைவிலங்குகளை அனுப்பிவிட்டு, வாணவேடிக்கைப் பொருள்களைப் பையிலேயே வைத்துக்கொண்டு, மேடையின்மேல் ஏறாமல் அமருவது அங்கே அடிப்படை மரியாதை. பாட்டு நடக்கும்போது பொதுச் சாட்டில் சொந்தக் கதை பேச வேண்டாம். பாராட்டுக்குக் கைதட்டும் இமோட் (பாத்திரத்தின் சைகை) போதும். அதையே இடைவிடாமல் அழுத்தினால் சாட் பெட்டியில் அடுத்த பாட்டின் அறிவிப்பு மறைந்துபோகும். அதே விளையாட்டில், யூல் என்னும் குளிர்கால விழாவின்போது ஃப்ராஸ்ட்ப்ளஃப் ஊரின் அரங்கில் நடிகர்கள்மேல் மலரிதழையோ அழுகிய பழத்தையோ வீச விளையாட்டே இடம் தருகிறது. அங்கே மேடை ஏறியவர் அதற்கு ஒப்புக்கொண்டே ஏறுகிறார். வேறு எங்கும் வாசிப்பவர் அப்படி ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நடனமாடும் பெண் பாத்திரங்களிடம் ஆபாசமாகப் பேசுவதும், டிப்ஸ் கொடுத்துவிட்டதால் தனியாக வர வேண்டும் என்று வற்புறுத்துவதும், மறுத்தால் வசைபாடுவதும் இந்த விளையாட்டுகளில் நடக்கும் மிக மோசமான செயல்கள். பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் ஆட வந்திருக்கிறார், வேறெதற்கும் இசைவு தரவில்லை. இப்படிப்பட்டவர் வந்தால் கலைஞர் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸில் குறிப்பிட்ட ஒருவருக்குச் சேவையை மறுப்பதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. அதைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள். பிற விளையாட்டுகளில் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டு, சாட் தெரியும்படி நேரத்தோடு திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து, விளையாட்டின் புகார் வழியாக அனுப்புங்கள். அருகில் இருக்கும் சக கலைஞர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ‘அவரை விடுங்கள்’ என்று ஒருவர் பொதுவில் சொன்னாலே பல வேளைகளில் தொல்லை நின்றுவிடும்.

வேண்டுமென்றே கச்சேரியைக் கெடுக்க முரசோடு வந்து நிற்பவர்களுக்கு வேறு அணுகுமுறை. அவர்களுக்கு வேண்டியது எதிர்வினை. மேடையிலிருந்து ஒரு சொல்லும் பேசாமல் பட்டியலில் உள்ள அடுத்த பாட்டைத் தொடங்குங்கள். குழுவில் வாசிக்காத ஒருவர் மட்டும் புகாரைப் பதிவுசெய்யட்டும். தொடர்ந்தால் குழுத் தலைவர் தனிச்செய்தி வழியாக எல்லோருக்கும் வேறு இடத்தைச் சொல்லி, அவையையே நகர்த்திவிடலாம்.

விதி விளையாட்டுக்கு விளையாட்டு மாறும்

லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைனில் ஏபிசி கோப்பை வாசிக்கவைப்பது விளையாட்டே தந்திருக்கும் வசதி. ஃபைனல் ஃபேண்டஸி 14இலோ வெளியார் மென்பொருள்களைப் பயன்படுத்துவதைப் பயனர் உடன்படிக்கை தடைசெய்கிறது. கோப்பைக் கொடுத்துத் தானாக வாசிக்கவைக்கும் கருவிகளும் அதில் அடங்கும். ஓர் உலகில் கைதட்டல் பெற்றுத் தந்த முறை இன்னோர் உலகில் கணக்கையே முடக்கக்கூடும். பதிப்புரிமை உள்ள திரைப்பாட்டை வாசித்துக் காணொளியாக வெளியிடும்போதும் உரிமையாளர் தலையிடக்கூடும் என்பதை எண்ணிக்கொள்ளுங்கள். உடன் வாசித்தவர்களின் பாத்திரப் பெயர்களும் சாட்டும் காணொளியில் தெரியுமென்றால், பதிவைத் தொடங்குவதற்கு முன்பே அவர்கள் ஒவ்வொருவரிடமும் அனுமதி பெற்று, விரும்பாதவரின் பெயர்ப்பலகை தெரியாதபடி இடைமுகத்தை மறைத்துவிட்டுப் பதிவுசெய்யுங்கள்.